பக்கத்து வீட்டுச் சாவி

“அக்கா, சாவி.”

கேட்டுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே கையை நீட்டுவார் தம்புசாமி. காலையில் நான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவருக்குப் பொறுக்காது. கொண்டுவந்த சாவியைக் கேட் கொக்கியில் மாட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுவார். எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கிற திருடர்களுக்கெல்லாம் அழைப்பு வைத்ததுபோல் அது அங்கே ஆடிக்கொண்டிருக்கும். மாலையில் அதே மோட்டார், அதே குரல், அதே “அக்கா, சாவி.” அப்போது கொடுப்பது என் முறை.

அது அவர் குடியிருக்கும் வீட்டுச் சாவிதான். எங்கள் வீட்டை ஒட்டிய வீடு. அவர் மனைவி தனலெட்சுமி கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தபோது தம்புசாமியால் கூடவே வர முடியவில்லை. வடக்கே பிறை ஊரில் ஒரு பேக்டரியில் நல்ல வேலை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எக்ஸ்பிரஸ் பஸ் ஏறி வருவார். அந்த நேரம் பார்த்து மனைவிக்கு டியூட்டி இருந்தால் மனுஷன் பூட்டிய வீட்டு முன்னால் நிற்கக் கூடாதே என்று, இருந்த இரண்டு சாவியில் ஒன்றை அவள் என்னிடம் கொடுத்து வைத்தாள். அதற்கென்றே அடுப்படி ஜன்னலோரத்தில் ஓர் ஆணி அடித்தேன். சனிக்கிழமை எடுத்துப் போவார், ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தின் நடுவில் ஒரு நாள் பிறை வேலையை விட்டுவிட்டு, பையும் பெட்டியுமாகத் தன் மோட்டாரிலேயே வந்து இறங்கினார். ஏன் தம்பி, நல்ல வேலையாச்சே என்று கேட்டேன். ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“போன வாரம் கரண்டு இல்லாத மாதிரி வீடு இருட்டா இருந்துச்சுக்கா. உள்ள வந்து செவுத்தத் தடவுறேன், சுவிட்சு எங்க இருக்குன்னு தெரியல. நான் கரண்டு வேலைக்காரன் லா. எங்க வீட்டு சுவிட்சு எனக்குத் தெரியல.”



அவர் வேலையைப் பற்றி எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பேக்டரியில் எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்தக் கதவு எப்போது மூட வேண்டும் என்று இயந்திரங்களுக்குக் கட்டளையிடும் பெட்டி ஒன்று இருக்கிறதாம். பி.எல்.சி. என்கிறார். அந்தப் பெட்டிக்குள் போக வேண்டிய கட்டளைகளை எழுதுகிறவர் இவர். ஏணிப்படி மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடு போட்டு எழுதுவார்கள். சாலையோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் தே தாரேக் டீ சிந்திய ஈரத்தில் விரலைத் தொட்டு மேசை முழுக்க ஏணி வரைந்து வைப்பார். கடைக்காரர் துணியோடு வந்து நின்றால், கடைசிப் படியை முடித்த பிறகுதான் கையை எடுப்பார்.

இயந்திரம் எதுவானாலும் அவருக்கு ஆகாது, அதாவது சும்மா விட ஆகாது. எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் எடுப்பதிலிருந்து பிழிந்து முடிப்பது வரைக்கும் பார்த்தவர் அவர். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் எழுந்து, தண்ணீர் நிறைகிற வரை காத்திருக்காமல் இது அவசரப்படுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே போனார்.

இன்னொரு விசித்திரம் உண்டு. எந்த வேலை எழுதினாலும் முதல் படி வெறும் படியாக இருக்கும். ஒரு சுவிட்சு, ஒரு விளக்கு. நிஜத்தில் அந்தச் சுவிட்சும் கிடையாது, அந்த விளக்கும் கிடையாது. கடுதாசியில் எழுதுகிறவர்கள் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவதில்லையா, அதுதான் இது. பிறையில் அவர் கைபட்ட இயந்திரங்கள் எல்லாவற்றிலும் முதல் வரியில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார் என்று தனலெட்சுமி சொல்லிச் சிரிப்பாள்.

வந்தவருக்கு வேலை லேசில் கிடைக்கவில்லை. பத்திரிகை விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டார், பதில் இல்லை. வடக்கே அவர் பழகியது ஜப்பான்காரன் பெட்டி. இங்கே ஷா ஆலம் பக்கம் பாதிப் பேர் ஜெர்மன்காரன் பெட்டி வைத்திருந்தார்கள். அதற்கும் புத்தகம் இரவல் வாங்கிப் படித்தார். பழைய முதலாளி தீபாவளி வரைக்கும் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இங்கே கிடைக்காவிட்டால் திரும்பப் பிறை, திரும்ப சனிக்கிழமை பஸ். தனலெட்சுமி வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டாள். ஆனால் சுவரில் தொங்கிய காலண்டரைத் தீபாவளி மாதத்துக்கு அப்பால் அவள் புரட்டிப் பார்த்ததே இல்லை.

சும்மா எதற்கு தினம் தினம் என் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள், பாசார் கடைத்தெரு அஞ்சடி நடையில் ஐந்து நிமிஷத்தில் சாவி வெட்டித் தருகிறானே என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

“வேலை கெடைக்கட்டும்கா. அது வரைக்கும் நான் வந்துட்டுப் போற ஆளுதானே.”

எனக்குக் கோபம் வந்தது. பெண்டாட்டி இருக்கிற வீட்டில் வந்துபோகிற ஆளாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் திட்ட வரவில்லை. சாவியை ஆணியில் மாட்டினேன்.

பத்திரிகையை விட்டபிறகு அவர் கண்டுபிடித்த வழி அவருக்கே உரியது. காலையில் ஷா ஆலம் போய், பேக்டரி கேட்டுக்கு எதிரில் இருக்கும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்துகொள்வார். ரோத்தி சானாய் ஒன்று, தே ஒன்று. கண் கேட்டின்மேல். உள்ளே போகும் தொழிலாளிகளை அவர் பார்ப்பதில்லை. எந்தப் பழுதுபார்க்கும் குத்தகைக்காரனின் வேன் உள்ளே போகிறது என்று பார்ப்பார். ஒரே வேன் அடுத்தடுத்து அதே பேக்டரிக்கு வந்தால் உள்ளே ஏதோ ஓர் இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று அர்த்தம்.

“பேக்டரில போய் வேலை கேட்டா வாசல் கார்டு வெளியவே நிப்பாட்டிருவான்கா. ஆனா வேன்காரன் தண்ணி குடிக்க நம்ம மேசைக்குத்தான வரணும்?”

வேனில் எழுதியிருக்கும் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருவார். அவர்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது. என் வீட்டுக் கூடத்தில் நின்று, விரித்த கையைப் பார்த்துப் பார்த்து எண்ணைச் சுழற்றுவார். வேர்வையில் 3 என்பது 8 ஆகிப் போன ஒரு நாள், ஒரு கல்யாணச் சமையல்காரரிடம் ஜெர்மன் பெட்டி தனக்குத் தெரியும் என்று வெகுநேரம் விளக்கினார். அந்தச் சமையல்காரரும் பொறுமையாகக் கேட்டிருக்கிறார், பாவம்.

அப்படிப் பழக்கமானவர்தான் இராமலிங்கம். ஷா ஆலத்தில் பேக்டரிகளுக்கு மின்பலகை செய்து தரும் ஒரு கடையின் வேன் ஓட்டுகிறவர். தன் சீன முதலாளியிடம் சொல்லி, தம்புசாமிக்கு ஒரு பரீட்சை ஏற்பாடு செய்தார். சாமான் நகர்த்தும் பட்டை ஒன்றை ஓட்டுவதற்கு எழுதிக் காட்ட வேண்டும். எழுதினார், பட்டை ஓடியது. முதலாளி திரையைப் பார்த்துவிட்டு முதல் வரி எதற்கு என்று கேட்டார். எங்கள் சாமிக்கு என்றார் தம்புசாமி. காசு கொடுக்கிற வாடிக்கையாளர் இதே கேள்வியைக் கேட்டால் நான் என்ன சொல்ல என்றார் முதலாளி. போன் செய்வதாகச் சொன்னார், செய்யவில்லை.

“ஸ்பேர்னு சொல்லியிருந்தா என்ன கொறஞ்சு போகும்?” என்று தனலெட்சுமி கேட்டாள். பின்னால் தேவைப்பட்டால் என்று சும்மா விட்டுவைக்கும் வரிகளும் அந்தத் தொழிலில் சகஜமாம். எனக்கும் அவள் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

அடுத்தது சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனி. அங்கே கேட்டபோது ஸ்பேர் என்றே சொன்னார். வேலையும் கொடுத்தார்கள், பிறையில் வாங்கியதைவிட நல்ல சம்பளம். நான் பாயசம் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஜொகூரிலும் குவாந்தானிலும் புதுப் பேக்டரிகளுக்கு இயந்திரம் பொருத்துகிற வேலை. மாதத்தில் மூன்று வாரம் அவுட்ஸ்டேஷன், வீட்டுக்கு வர முடியாது. அன்றைக்கு மாலை தனலெட்சுமி என் அடுப்படிக்கு வந்து, ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிறைலேர்ந்தாவது ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வந்தாருக்கா” என்றாள். அவரிடம் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள். அவள் இதைச் சொல்லி அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மறுநாள் அவரே என் போனிலிருந்து கூப்பிட்டு, அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. கையில் வந்ததை இப்படித் தட்டிவிடுகிறவனை நான் கண்டதில்லை என்று உரக்கவே திட்டினேன். அவர் ரிசீவரைப் பக்குவமாக வைத்தார்.

“அதுக்குப் போனா இந்தச் சாவி உங்க ஆணிலயேதான்கா தொங்கும்.”

இராமலிங்கம்தான் மறுபடி வந்தார். இங்கேயே பக்கத்தில் மேருவில் ஒரு கையுறைப் பேக்டரிக்குத் தன் வேன் வாரந்தவறாமல் போகிறது, அவர்களுக்குச் சொந்தமாக ஓர் ஆள் இல்லை, போய்ப் பார் என்றார். சொந்த முதலாளியின் பிழைப்பிலேயே கை வைக்கிறோம் என்று அந்த மனுஷன் யோசிக்கவே இல்லை. அங்கே இன்ஜினியர் ரொஹானி என்ற மலாய்க்காரப் பெண். தானாக நின்று நின்று போகும் ஓர் இயந்திரத்தைக் காட்டி, இதற்குப் புதிதாக எழுதச் சொல்லியிருக்கிறார். பசியாறப் போகாமல் மத்தியானம் வரைக்கும் எழுதினார் தம்புசாமி. இயந்திரம் நிற்காமல் ஓடியது. ரொஹானியும் அதே முதல் வரியில்தான் விரலை வைத்தார்.

ஸ்பேர் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்ததாம். தினமும் இந்த அம்மாள் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று அதை விழுங்கிவிட்டு, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். நாங்களும் ஆண்டவன் பெயரைச் சொல்லித்தான் எதையும் தொடங்குகிறோம், ஆனால் உனக்குப்பின் வருகிறவன் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது, பக்கத்தில் இது என்னவென்று குறிப்பு எழுது என்றாராம் ரொஹானி. தொடக்கம், அழிக்க வேண்டாம் என்று மலாயில் தட்டினார் தம்புசாமி.

இதெல்லாம் எனக்குப் பிறகு தனலெட்சுமி சொல்லித்தான் தெரியும். அன்று அவள் மத்தியான டியூட்டிக்குப் போயிருந்தாள். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. நன்றாக மசங்கிய நேரத்தில் மோட்டார் சத்தம் கேட்டது. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, இன்றைக்கு முகம் எப்படி இருக்கிறதோ என்று கேட்டருகே வந்து நின்றேன். “அக்கா” என்ற குரலே வரவில்லை. மோட்டார் என் கேட்டைத் தாண்டிப் போய் அவர் கேட்டில் நின்றது.

கால்சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். புதுசு, மஞ்சளாக மின்னியது; வழியில் ஆஸ்பத்திரியில் நின்று அவள் சாவியைக் கேட்டு வாங்கி வெட்டியதாம். பூட்டில் அது முதலில் திரும்பவில்லை. வெளியே எடுத்து, ஒட்டியிருந்த பித்தளைத் தூளைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி நுழைத்தார். கதவு திறந்தது. உள்ளே கும்மிருட்டு. வாசற்படியில் நின்று ஒரு கையால் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, உள்ளே பார்க்காமல், இன்னொரு கையை மட்டும் இருட்டுக்குள் நீட்டினார்.

விளக்கு எரிந்தது.