பாகல் கொடியில் பதினொரு மில்லிமீற்றர்

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை கல்லடியிலிருந்து பனிச்சங்கேணிக்கு ஓடினேன். ஊர் பார்க்க அல்ல, ஓர் ஈயை அளக்க. சிரிக்காதீர்கள்! படத்தையும் உடல் அளவையும் வைத்து ஈக்களை இனங்காண்பது என் பொழுதுபோக்கு. என்னோடு வேலை செய்பவரின் தமக்கை புஸ்பாக்கா, தன் பாகல் தோட்டத்தைச் சுற்றும் மஞ்சள் வரி ஈ ஒன்றை அடிமட்டத்தோடு படமெடுத்து அனுப்பியிருந்தார். ஏழு மில்லிமீற்றர், பழ ஈயின் அளவு. "பழ ஈ, மருந்தடியுங்க அக்கா" என்று பெரிய மேதாவி மாதிரி எழுதிவிட்டேன்.

வெள்ளி பின்னேரம் படத்தைப் பெருப்பித்துப் பார்த்ததும்தான் பிழை தெரிந்தது. அடிமட்டம் பளிச்சென்றும் ஈ மங்கலாகவும் இருந்தன. அடிமட்டம் கமராவுக்குக் கிட்ட, ஈ தள்ளி. அப்படியென்றால் ஈ உண்மையில் இன்னும் பெரியது, பழ ஈயாக இல்லாமல் பயிருக்கு உதவும் ஈயாகவும் இருக்கலாம்! மருந்தடிப்பவர் சனி ஒன்பது மணிக்கு வருவார் என்று அக்கா சொல்லியிருந்தார். அக்காவின் போனோ வேலை செய்யவில்லை. அந்தப் போகம் பிழைத்துப்போனால் அவர் வீட்டுக்கு வேறு வருமானமும் இல்லை.

காலை 6.15க்குத் திருகோணமலை பஸ். கிட்டத்தட்ட அறுபது கிலோமீற்றர், 270 ரூபா, இரண்டு மணி நேரம். ஜன்னல் பக்கம் இருங்கள், வாவி அவ்வளவு அழகு. நான் மணிக்கூட்டைத்தான் பார்த்தேன். இறங்கி ஓட்டோவுக்கு 200 ரூபா.

"ஈ பாக்கவா வந்த நீங்க? கல்லடியில ஈ இல்லயா?" என்றார் ஓட்டோக்காரர்.

8.40க்குப் போனபோது மருந்தடிக்கும் குணமண்ணன் மருந்துத் தாங்கியை முதுகில் ஏற்றிவிட்டிருந்தார். "அடிக்காதீங்க!" என்று வேலிக்கு வெளியே நின்றே கத்தினேன்.

ஓர் ஈயைப் போத்தலில் பிடித்து அளந்தேன். பதினொரு மில்லிமீற்றர். பழ ஈயின் சிறகில் இருக்கும் பழுப்புப் பட்டை இதில் இல்லை. சுருண்ட இலையைத் திருப்பினால் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. நடுவே ஒரு பச்சைப் புழு அசுவினியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்தப் புழு இந்த ஈயின் குஞ்சு. இலையைச் சுருட்டுவது அசுவினி, அதைத் தின்பது இது.

"ஐயோ, நம்பர் வடிவாத் தெரியட்டும் எண்டு நாந்தான் அடிமட்டத்தக் கிட்டப் பிடிச்சன் தங்கச்சி" என்றார் அக்கா.

"பிழை என்ர அக்கா. வடிவாப் பாக்காமச் சொல்லிட்டன்."

அவர் குனிந்து புழுவையே பார்த்தார். "தின்னு மனே, தின்னு" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. குணமண்ணன் தாங்கியை இறக்கினார். மோசமான தளிர்களை மட்டும் தண்ணீரால் கழுவிவிட்டோம்.

நீங்களும் இந்தப் பைத்தியத்தில் இறங்கினால் ஈ இருக்கும் அதே இலையில், அதே உயரத்தில் அடிமட்டத்தை வையுங்கள். சிறகு தெரிய மேலிருந்தும் ஒரு படம் வேண்டும். சந்தேகமென்றால் "இருக்கலாம்" என்று மட்டும் எழுதுங்கள். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், பத்து மணி வெயில் தாங்காது.

குணமண்ணன் மோட்டார் சைக்கிளில் என்னை றோட்டு வரை கொண்டுவந்து விட்டார். இறங்கியதும் தன் போனை நீட்டினார். "போன கிழமை என்ர பயித்தங்கொடிக்கு அடிச்சன். இதுவும் அதுதானா?"

போனில் இருந்த படத்தில், மண்ணில் ஏராளமான மஞ்சள் வரி ஈக்கள் செத்துக் கிடந்தன. சிறகுகள் தெளிவாகத் தெரிந்தன, பட்டை ஒன்றுமில்லை.

"ஓம் அண்ணன்."

போனைச் சட்டைப்பையில் வைத்தார். "நல்லா வேல செஞ்சிரிக்கி எண்டு எல்லாருக்கும் காட்டித் திரிஞ்சன்" என்றார்.