வங்காலைக் கடலில் ஒரு பள்ளம் தேடி

கடல் மட்டத்திலும் மேடு பள்ளம் உண்டு. சில சென்ரிமீற்றர்தான், கண்ணுக்குத் தெரியாது, செய்மதி அளந்துவிடும். பள்ளமான சுழியில் குளிர்ந்த அடிநீர் மேலே ஏறும். அதோடு ஊட்டச்சத்து வரும், நுண்பாசி பெருகும், மீன் கூடும். நாற்பத்தொரு வயதில் முதுமாணிப் படிப்பில் இறங்கிய நான் இரண்டு வருடமாகக் கணினியில் பார்த்தது இதைத்தான். மன்னார்க் கரையோரம் அப்படி ஒரு பள்ளம் வருகிறது என்று எழுதினேன். பேராசிரியர் நம்பவில்லை. "கரைக்குக் கிட்ட செய்மதி பிழை விடும். தண்ணி கொண்டுவந்து காட்டுங்கோ, இல்லாட்டி தலைப்பை மாத்துங்கோ" என்றார். ஏப்ரலில் நான் கிளம்பியது இதற்காகத்தான்.

செய்மதி அதே பாதையில் திரும்பி வர மூன்று வாரம் ஆகும். இம்முறை ஞாயிறு காலை 10.40. அது அளக்கும் அதே நேரத்தில் தண்ணீர் எடுத்தால்தான் இரண்டையும் ஒப்பிடலாம். சனி காலை 7 மணிக்கு யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறினேன். பூநகரி வழியாக மன்னாருக்குச் சுமார் 115 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். அங்கிருந்து வங்காலைக்குப் பத்துக் கிலோமீற்றர். ஓட்டோவுக்கு 1,200 ரூபா.

படகுக்காரர் யூட் என்னைவிட நாலைந்து வயது இளையவர். தொலைபேசியில் திகதியை மட்டும்தான் சொல்லியிருந்தேன். நாளை ஞாயிறே போகவேண்டும் என்றதும் சிரித்தார்.

"ஞாயிறு இஞ்சை ஒரு படகும் இறங்காது அக்கா. பூசை."

"மீன் பிடிக்கப் போகேல்லையே. போத்தலிலை தண்ணி அள்ளத்தானே?"

"வலை போட்டாலும் போத்தல் நிரப்பினாலும் இஞ்சின் சத்தம் ஒண்டுதான். திங்கள் விடிய வாறன்."

கத்தோலிக்க ஊர் என்று தெரிந்தும் இதை யோசிக்காத என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். ஞாயிறு 10.40க்குக் கரையில் நின்று வெறும் வானத்தைப் பார்த்தேன். அழுகை வராத குறை.

திங்கள் 5.45க்குக் கடற்படைக் காவலரணில் பெயர் பதிந்து புறப்பட்டோம். எரிபொருளோடு படகுக்கு 18,000 ரூபா. பதினெட்டுக் கிலோமீற்றர் ஓடி 7.00 மணிக்கு, ஞாயிறு செய்மதி அளந்ததில் பள்ளம் என்று நான் குறித்த இடத்துக்குப் போனால், அங்கே சாதாரண நீலத் தண்ணீர், வெப்பநிலை 28.9 பாகை. வெப்பமானியை இரண்டாம் முறையும் இறக்கிப் பார்த்தேன், அதேதான்.

யூட் இஞ்சினை நிறுத்தினார். "நேற்றையான் தண்ணி இண்டைக்கும் இதிலையே நிக்குமோ அக்கா? இழுவை வடமேற்குப் பக்கம் கிடக்குது."

காற்றே இல்லை. நீரோட்டத்தின் இழுவை எவ்வளவு என்று பார்க்க இருபது நிமிடம் படகை அப்படியே விட்டோம். தொலைபேசியில் பார்த்தால் வடமேற்கே நூறு மீற்றர் நகர்ந்திருந்தது. மணிக்கு முந்நூறு, நேற்று 10.40 முதல் கணக்குப் போட்டால் ஆறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். "வடமேற்குக்கு விடுங்கோ" என்றேன்.

ஐந்தாவது கிலோமீற்றரில் நீலம் மங்கத் தொடங்கியது. ஆறாவதில் தண்ணீர் பச்சை, வெப்பநிலை 27.3. நான் படகில் எழுந்து நின்று கத்தினேன். யூட் என் சட்டையைப் பிடித்து இருத்தினார். சுற்றிலும் சூடை மீன் துள்ளிக்கொண்டிருந்தது. என் போத்தல் பெட்டிகளுக்கு இடம்விட்டு அவர் வலையைக் கரையிலேயே இறக்கிவைத்திருந்தார்.

"இவ்வளவு சூடை. நான் போத்தலோடை நிக்கிறன்" என்றார் யூட்.

பள்ளத்துக்கு உள்ளே பன்னிரண்டு போத்தல், வெளியே பன்னிரண்டு. கரைக்கு வந்து வடித்தபோது உள்ளே எடுத்த தண்ணீரின் வடிதாள் பச்சையாகவும் வெளியே எடுத்தது வெள்ளையாகவும் இருந்தன. இவ்வளவு சந்தோசம் எனக்கு வந்து கனகாலம்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச், ஏப்ரலில் காற்றுக் குறைவு. அடையாள அட்டை, உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை படகு கேட்காதீர்கள்; பூசைக்குப் போங்கள், பிறகு ஊரில் எங்காவது சோறு கிடைக்கும். படகுக்காரர் இஞ்சினை நிறுத்தினால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த புதன் பேராசிரியர் பச்சை வடிதாளை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "ஞாயிறே போயிருந்தா நல்லதெல்லே?" என்றார்.

"போயிருந்தா பள்ளம் இருக்குது எண்டு மட்டும் தெரிஞ்சிருக்கும் சேர். எங்கை போகுது எண்டு தெரிஞ்சிருக்காது."

தலைப்பை மாற்றும்படி அவர் சொல்லவில்லை. வடிதாளையும் திருப்பித் தரவில்லை.