ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ்

கணவர் இறந்து இரண்டு வருடம் கழித்து ஜமுனாமரத்தூரில் அந்த வேலையை ஏற்றுக்கொண்டேன். மகள் பெங்களூரில். வாணியம்பாடி வீட்டில் நான் மட்டும். மலைப்பெண்களுக்குத் தோல் தையலும் கூடவே இங்கிலீஷும் கற்றுக்கொடுத்து, கீழே ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் ஒரு மையத்தில் இங்கிலீஷ் டீச்சர் தேவை என்று கேள்விப்பட்டேன். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்தானே என்று இரண்டு பெட்டியோடு பஸ் ஏறினேன்.

“அங்க போயி தனியா இன்னா பண்ணப்போற?” என்று அக்கா கேட்டாள். இங்கே மட்டும் யாரோடு இருக்கிறேன் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

காலையில் தையல் மாஸ்டர் மிஷினில் பழக்குவார். சாப்பாட்டுக்குப் பிறகு என் வகுப்பு. பதினான்கு பெண்கள். சிலர் விடிவதற்கு முன்பே எழுந்து, ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு, நான்கு மைல் நடந்து வருகிறவர்கள். எனக்குக் கொடுத்திருந்த புத்தகத்தில் முதல் பாடம் விமான நிலையத்தில் வழி கேட்பது. பாதி வகுப்பு தூங்கியது.

மூன்றாவது வாரம் கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். முப்பத்தெட்டு வயது. சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம் உண்டு. கணவர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், எப்போதாவதுதான் வருவார். மகன் தாத்தா வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறான். அதுவரை வகுப்பில் அவள் வாயே திறந்ததில்லை.

“மிஸ், கோவிச்சுக்காதீங்க. ஊசி ஒடஞ்சா இன்னான்னு சொல்லணும்? அத்த சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை என்பதல்ல. இருபது வருடத்தில் யாரும் என்னிடம் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. மறுநாள் புத்தகத்தை அறையிலேயே வைத்துவிட்டு, வகுப்பை மிஷின்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். மாஸ்டர் காலை நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். நூல் அறுந்தால் சொல்ல வேண்டியது, தையல் கோணினால் சொல்ல வேண்டியது, கம்பெனியில் ஒவ்வொரு கட்டுத் தோலோடும் வரும் சீட்டில் எழுதியிருப்பது. கை ஓடும்போது வாயும் ஓடியது. யாரும் தூங்கவில்லை. கடைசி வரிசைக்காரிதான் எல்லாருக்கும் முன்னால் போனாள். மிஷினை நிறுத்திவிட்டு, “நீடில் ப்ரோக்கன் சார். நியூ நீடில் ப்ளீஸ்” என்று மாஸ்டரிடம் கேட்பாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார்.

நான்கு மணிக்கு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள். மாஸ்டர் கடைசி பஸ்ஸில் கீழே இறங்கிவிடுவார். அதற்குப் பிறகு என் வாடகை அறையும் நானும். டீக்கடைக்காரர், “இன்னா மிஸ், ஒரு டீயா?” என்பார். பல நாட்களில் மாலை முழுவதும் என்னிடம் யாராவது பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

ஆறு மாதம் முடிந்ததும் பெண்கள் வேலைக்குப் போனார்கள். கடைசி வரிசைக்காரியும் போனாள், கம்பெனி விடுதியில் தங்கி.

அது ரமலான் நோன்பு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, பள்ளிவாசல் பாங்கு காதில் விழாத ஊரில் போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தேன். நோன்பு திறந்து தண்ணீர் குடித்த நேரத்தில் போன் அடித்தது. விடுதியிலிருந்து அவள்தான்.

“நல்லா கீறீங்களா மிஸ்?”

“நல்லா இருக்கேம்மா. நீங்க?”

“நல்லா கீறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மிஸ், இங்கிலீஷ்ல பேசட்டுமா?”

“பேசுங்க.”

“ஐ ஆம் நாட் குட்,” என்றாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தாள். “ரூம்ல ஆல் ஸ்மால் கேர்ள்ஸ். தே லாஃப், தே டாக். ஐ சிட். நோபடி கம்.”

ஏன் தமிழில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“தமிழ்ல சொன்னா அழுவ வந்துடுது மிஸ். இந்தப் பொண்ணுங்க முன்னாடி அழுவக் கூடாது. இங்கிலீஷ்ல சொன்னா வரல.” பிறகு, “யூ? யூ ஆர் குட்?” என்றாள்.

மகள் வாரம் தவறாமல் கேட்கிற கேள்விதான். நன்றாக இருக்கிறேன் என்று பழகிய பதிலைச் சொல்லிவிடுவேன். அன்று அது வாயில் வரவில்லை.

“நோ. ஐ ஆம் ஆல்சோ நாட் குட்,” என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் பேசினாள். அவளுக்குத் தெரிந்த முந்நூறு சொல்லுக்குள் நானும் பேசினேன். கணவர் போன பிறகு அவர் சட்டைகளை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று அவளிடம்தான் முதலில் சொன்னேன். “கீப்,” என்றாள். “நோ ப்ராப்ளம். கீப்.”

மழைக்காலத்தில் ஒரு நாள் அவளே மையத்தின் வாசலில் வந்து நின்றாள். மகனுக்குக் காய்ச்சல் என்று, வெளிமாநிலத்து மேனேஜரிடம் தானே இங்கிலீஷில் பேசி, யாரையும் துணைக்கு அழைக்காமல் இரண்டு நாள் லீவு வாங்கியிருந்தாள். பையனுக்கு இப்போது பரவாயில்லை, திரும்புகிற பஸ்ஸுக்கு அரைமணி நேரம் இருக்கிறது என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

“சாப்டீங்களா மிஸ்?”

“சாப்ட்டேன். நீங்க?”

“ஆச்சு.”

போனில் சொல்லிக்கொண்டது எதையும் அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கொண்டுவந்திருந்த கொய்யாப்பழத்தை மேஜைமேல் வைத்தாள். மழையைப் பற்றிப் பேசினோம். பஸ் வந்ததும், “போய்ட்டு வர்றேன் மிஸ்” என்று ஏறிவிட்டாள். அந்த அரைமணி நேரத்தை நினைத்துப் பல நாள் வருந்தினேன். இங்கிலீஷில் ஒரு வார்த்தை ஆரம்பித்திருக்கலாம். வெட்கம் தடுத்துவிட்டது.

அடுத்த பேட்ச் பெண்களுக்குப் பயிற்சி முடிந்ததும் மையத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நான் வாணியம்பாடிக்கே திரும்பினேன். அவளை இப்போது தைத்து வரும் ஷூ மேல்பாகங்களைச் சரிபார்க்கும் மேஜையில் உட்காரவைத்திருக்கிறார்கள். தப்பான தையலைப் பிரித்துக் காட்டி, ஏன் தப்பு என்று அவள்தான் எல்லாருக்கும் சொல்கிறாளாம். ஞாயிறு அழைப்புகள் இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று குறைந்தன. தமிழிலேயே பேச ஆரம்பித்தாள். அவள் குரலுக்குப் பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்கும். அவளும் சிரிப்பாள்.

போன ஞாயிறு நானே அழைத்தேன். தெருச் சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.

“மிஸ், எல்லாரும் சினிமாவுக்குப் போயிகினு கீறோம். பஸ் வந்துச்சு. அப்பறம் பேசட்டுமா?”

“போய்ட்டு வாங்க,” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு அடுப்படிக்குப் போய் எனக்கு மட்டும் ஒரு டம்ளர் அரிசி களைந்து உலையில் போட்டேன். வெந்து வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.