குளியலறையில் நாற்பத்திரண்டு டிராகன்கள்

மூன்றாவது மாடியில் யாரோ டிராகன் வளர்க்கிறார்களாம் என்ற செய்தி, வளர்ப்பவருக்கே முடிவெட்டும் கடையில்தான் தெரியவந்தது.

"கேள்விப்பட்டீங்களா சார்? கீழ மருந்துக்கடை வெச்ச கட்டடம் இருக்கே, அதுல மூணாவது மாடியில ஒருத்தர் டிராகன் வளர்க்கிறாராம்," என்றார் கடைக்குப் புதிதாக வந்திருந்த முடிதிருத்துபவர், பிடரியில் கத்தியை வைத்தபடி. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாரையும் மறுத்துப் பேசுவது கிளிப்பு சாருக்கு வழக்கமில்லை.

"யார் சொன்னது?"

"இஸ்திரிக்காரர் சொன்னாரு. அவருக்கு மருந்துக்கடைக்காரம்மா சொன்னாங்களாம். அவங்களுக்கு அந்த வீட்டம்மாவே வாயால சொன்னாங்களாம். குளியலறையில கட்டி வெச்சிருக்காராம்."

"எத்தனை?"

"நாப்பதுக்கு மேலன்னு பேச்சு. நம்ம ஜனங்க வாய்தான் தெரியுமே, நாலை நாப்பதாக்கிடுவாங்க."

"நாப்பத்திரண்டு," என்றார் கிளிப்பு சார். கத்தி நின்றுவிட்டது. "கட்டி வைக்கல. கிளிப் போட்டு மாட்டியிருக்கேன். காதுக்கு மேல மட்டும் இன்னும் கொஞ்சம் குறைச்சுடுங்க."

சட்டைக் காலரில் எப்போதும் துணி கிளிப் ஒன்று கவ்விக்கொண்டிருப்பதால் வந்த பெயர் அது. துணி காயப்போடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் காயப்போடுவது புத்தகங்களை. தடிமனான விவரநூல்களின் கடைசியில், எந்தச் சங்கதி எந்தப் பக்கத்தில் என்று அகர வரிசையில் ஒரு பட்டியல் இருக்குமே, படித்தவர்கள் சொல்லடைவு என்றும் மற்ற எல்லோரும் இன்டெக்ஸ் என்றும் சொல்வது, அதைத் தயாரிப்பதுதான் அவர் தொழில். ஒரு விஷயத்துக்கு ஒரு சீட்டு. சீட்டுகளை வீடு முழுக்கக் கொடி கட்டி வரிசையாக மாட்டுவார். உயிரெழுத்தெல்லாம் கூடத்தில். க சமையலறையில். ச படுக்கையறையில். த-வும் ந-வும் நடைவழியில். ப-வும் ம-வும் பால்கனியில். மிச்சம் மீதி வாசல் கதவுக்குப் பின்னால். ட-வில் தொடங்கும் சொற்கள் தமிழில் குறைவு என்பதால் அதற்கு வீட்டிலேயே சின்ன அறையை, குளியலறையை, ஒதுக்கியிருந்தார்.

கீழ்வீட்டில் ஒருநாள் தண்ணீர் நின்றுபோய் மருந்துக்கடைக்காரம்மா துண்டும் வாளியுமாக மேலே ஏறி வந்தபோது, கிளிப்பு சாரின் மனைவி யதார்த்தமாகச் சொன்னது இவ்வளவுதான்: "உள்ள டிராகனா தொங்குது, பார்த்துக் குனிஞ்சு குளிங்க." அந்த ஒரு வாக்கியம் படியிறங்கித் தெரு சுற்றிக் கத்தி முனை வரைக்கும் வந்துவிட்டது.

கிளிப்பு சார் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு கோபத்தில். அதற்கு முன் ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருட்களைப் பதிவு செய்யும் அறையில் குமாஸ்தா. 'குடை, கறுப்பு, கம்பி உடைந்தது. பல்செட், மேல்வரிசை மட்டும்.' எழுதி எழுதிக் கை அப்படியே பழகிவிட்டது. அதே நிலையத்தில் ஒலிபெருக்கியில் ரயில் வருகையைச் சொல்லும் பெண்ணின் குரலை மூன்று வருடம் கேட்டு, நான்காம் வருடம் முகத்தைப் பார்த்து, ஐந்தாம் வருடம் கல்யாணம் செய்துகொண்டார். புதுக்குடித்தனத்துக்குக் கட்டில் வாங்கி வாடகைக் கார் மேல் ஏற்றியபோது, முடிச்சுகள் பற்றிய புத்தகம் ஒன்று கையில் இருந்தது. முந்நூறு முடிச்சுகள். கட்டிலைக் காரோடு கட்டும் முடிச்சு எந்தப் பக்கம் என்று தேடத்தான் வழியில்லை. இன்டெக்ஸே கிடையாது. ஓட்டுநர் ஹாரன் அடிக்க, புது மனைவி கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவர் நடுத்தெருவில் பக்கம் புரட்டினார். கட்டில் பாதி வழியில் இறங்கிவிட்டது. அன்று மாலையே உட்கார்ந்து முந்நூறுக்கும் சீட்டு எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்பினார், 'இது இல்லாமல் புத்தகம் போடாதீர்கள்' என்று ஒரு வரியும் சேர்த்து.

பதிப்பகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. எதையாவது தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராத ஜாதி மனிதர்களுக்கென்றே புத்தகம் போடுகிற இடம். மெழுகுவர்த்தி வார்ப்பது, காளான் இனம் காண்பது, பேய்களின் வகைகள், பழைய பூட்டுகளைத் திறப்பது, மந்திரக்கோலுக்கு எந்த மரம் என்று எந்தெந்தக் கதை சொல்கிறது, எல்லாம் ஒரே அலமாரியில். பதிப்பாளர் மேடம் அந்த ஒற்றை வரிக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அவரை வேலைக்குக் கூப்பிட்டார். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம், எழுபது புத்தகம்.

எழுபதிலும் ஒரு விதியை அவர் மீறியதில்லை: வீட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான். மீற வைத்தது ஆசை. எல்லாக் கைத்தொழிலும், எல்லா மாயக் கதையும், கடைசியில் முதலுதவியுமாக ஆறு தொகுதிகள் கொண்ட பெரிய விவரநூல் வரிசை ஒன்றை மேடம் திட்டமிட்டிருந்தார். ஆறுக்கும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ். இந்த வேலையில் இருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய மலை கிடையாது. "இந்த ரெண்டு புத்தகத்தையும் ஒரே சமயத்துல முடிச்சுக் குடுங்க சார், அது உங்களுக்குத்தான்," என்றார் மேடம். ஒன்று, மாய உயிர்களின் விவரநூல். மற்றது, வீட்டைத் தானே பழுதுபார்க்கும் கையேடு. கிளிப்பு சார் "சரி" என்றார்.

குழப்பம் வராமலிருக்க மாய உயிர்களுக்கு மஞ்சள் சீட்டு, பழுதுபார்ப்புக்கு வெள்ளைச் சீட்டு. மேல்கொடியில் மஞ்சள், கீழ்க்கொடியில் வெள்ளை. மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஏங்க, ரெண்டு மாசத்துக்குப் பச்சைத் தண்ணியில குளிங்க. ஆவி பட்டா சீட்டு நாசமாயிடும்."

"சரி" என்றார். முழங்கால் வலி கேட்கவில்லை. மனைவி காலை வேலைக்குப் போனதும் தினமும் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயை ஓடவிட்டுச் சுடச்சுடக் குளித்தார்.

மாய உயிர்கள் முதலில் அச்சுக்குப் போயின. திருத்திப் பார்ப்பதற்கான புரூஃப் வந்ததும் வழக்கம்போல மனைவி உரக்கப் படித்தார், இவர் சீட்டைப் பார்த்துச் 'சரி' போட்டார். கணக்காக ஒவ்வொரு வரியும் பொருந்தியது. புத்தகம் கடைக்குப் போனது, நன்றாகவும் போனது. ஒரு மாதம் கழித்து வெள்ளைச் சீட்டுகளை இறக்கி அடுக்கியபோதுதான், பழுதுபார்க்கும் புத்தகத்தில் ட வரிசையே இல்லை என்பது தெரிந்தது. டேங்க் இல்லாத வீடா? டியூப்லைட் இல்லாத வீடா?

அச்சான மாய உயிர்களை எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திறந்தார். டிராகன்களுக்கு மேலே பளிச்சென்று நின்றது: 'டியூப்லைட், மினுக்கல், 104.' 'டிராகன், வால்' என்பதற்குக் கீழே 'டேங்க், பாசி அகற்றல், 61.' மொத்தம் பதினொன்று. மலிவு மஞ்சள் சாயம் ஆவியில் கரைந்து, மேல்கொடியிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழ்க்கொடியில் இருந்த பதினொரு வெள்ளைச் சீட்டையும் மஞ்சளாக்கியிருந்தது. சீட்டே தப்பு. அப்புறம் புரூஃப் எப்படிப் பொருந்தாமல் போகும்?

"படிக்கும்போதே நினைச்சேன்," என்றார் மனைவி. "பூதத்துக்கு எதுக்கு டியூப்லைட்டுன்னு."

"நினைச்சா சொல்ல வேண்டாமா?"

"நீங்க சரின்னீங்க. இருபத்தேழு வருஷமா மைக்ல ரயில் பேரு சொல்றேன், அதுல எந்த ரயிலாவது ஏன் அங்க போகுதுன்னு நான் கேட்டிருக்கேனா? அது கிடக்கட்டும், ஆவி எங்கிருந்து வந்துச்சு?"

கிளிப்பு சார் காலர் கிளிப்பைத் திறந்து திறந்து மூடினார்.

மேடத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் நினைத்தார். நினைத்ததோடு சரி. நான்காம் நாள் காலை மேடமே கூப்பிட்டார்.

"சார்! சரியான கள்ளன் சார் நீங்க!"

கிளிப்பு சார் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

"எத்தனை கடிதம் வந்திருக்கு தெரியுமா? நூத்தம்பதுக்கு மேல! இன்டெக்ஸ்ல புதிர் ஒளிச்சு வெச்சிருக்கீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? டேங்க் பாசின்னு போட்டு அறுபத்தொண்ணாம் பக்கத்தைத் திருப்பினா, முதுகெல்லாம் பாசி புடிச்ச ஏரிப் பூதம்! டியூப்லைட் மினுக்கல்னு பார்த்தா, சதுப்பு நிலத்துல மினுக்கி மினுக்கி வழி கெடுக்கிற பேய்! டைல்ஸ் விரிசலுக்குத் தீவைச் சுமக்கிற ஆமையோட ஓடு! எப்படி சார் யோசிச்சீங்க? டப்பா மூடி திறத்தல், இருபத்தொன்பது, அதுக்குத்தான் விடை யாருக்கும் தெரியல. அங்க ஒரு குகை வாசல்ல கல்லு அடைச்சிருக்கு. அதுதானே மூடி? ஆபீஸ்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு சண்டை போடுறாங்க!"

ஆபீஸ் சிரிப்பு தொலைபேசி வழியாகவே கேட்டது. பின்னணியில் யாரோ "மூடி இல்ல மேடம், டப்பாதான் குகை!" என்று கத்தினார்கள்.

"ஆறு தொகுதியும் உங்களுக்குத்தான். ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொண்ணுலயும் இதே மாதிரி பதினொண்ணு ஒளிச்சு வைக்கணும். மதியம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க, அறிவிச்சுடறேன். சரியா?"

"சரி," என்றார் கிளிப்பு சார். வாய்க்கு அந்த ஒரு சொல்தான் வரும் என்று ஆகிவிட்டது.

அவ்வளவுதான், வீட்டில் கல்யாணக் களை. மருந்துக்கடைக்காரம்மா மேலே ஓடிவந்து, பதினொன்றில் ஒன்பதைத் தானே கண்டுபிடித்ததாகவும், கடைக்கு வரும் நோயாளிகள் மாத்திரையை மறந்துவிட்டு டப்பா விவகாரம் பேசுவதாகவும் சொன்னார். "தலைவலிக்கு வந்தவர் தலைவலி போயிடுச்சுன்னு திரும்பிப் போயிட்டாருங்க!" கிளிப்பு சாரும் சிரித்தார். உண்மையாகவே சிரிப்பு வந்தது. தன் தப்பு நூற்றைம்பது வீட்டில் விளையாட்டாகிவிட்டது என்றால் யாருக்குத்தான் இனிக்காது?

அந்தம்மா போன பிறகு, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஆறாவது தொகுதி எதைப் பத்தி?"

"முதலுதவி."

"அதுலயும் பதினொண்ணா?"

சிரிப்பு நின்றுவிட்டது. பாம்புக்கடி என்று பதறித் தேடுகிறவன் போய் வெண்கலம் வார்க்கிற பக்கத்தில் நிற்பதை அவர் பார்த்துவிட்டார். ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையால் புரட்டல், பின்னால் யாரோ அழுகை. அன்று கட்டிலோடு நடுத்தெருவில் நின்றவருக்கு அந்தப் பதற்றம் தெரியும். பூதத்தில் விளையாடலாம். இதில் முடியாது. இதைச் சொன்னால் முதல் புத்தகத்தில் இருந்ததும் விளையாட்டில்லை, சுடுதண்ணீர்தான் என்று சொல்லியாக வேண்டும். சொன்னால் அந்த ஆறு தொகுதி மலை கைவிட்டுப் போய்விடும்.

"நான் தப்பான பிளாட்பாரம் சொல்லிட்டா," என்றார் மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, "வேற யாரும் வந்து திருத்த மாட்டாங்க. அதே மைக்ல நானே சொல்லணும். ஜனங்க திட்டும். திட்டிக்கிட்டே சரியான ரயில்ல ஏறும். நான் ஒரு மணி நேரம் லேட்டா போறேன். கூப்பிடுங்க."

நேராகப் பேசினால் 'சரி' என்று மட்டும்தான் வரும் என்பதால், சொல்ல வேண்டியதைச் சீட்டுகளில் எழுதினார். ஆறு சீட்டு. கூடத்துக் கொடியில் மாட்டினார். பழக்கதோஷம், அகர வரிசையில் மாட்டினார். 'அது புதிர் இல்லை.' 'ஆவி பட்டது.' 'சுடுதண்ணீர் என் தப்பு.' 'பதினொரு சீட்டு மாறிவிட்டது.' 'மன்னிக்க வேண்டும்.' 'வேலை கொடுத்தால் ஒரு புத்தகமாக, ஒழுங்காகச் செய்வேன்.'

"மன்னிப்பை முதல்ல சொல்லுங்க," என்றார் மனைவி.

"ம எப்படி முதல்ல வரும்?"

"இருபத்திரண்டு வருஷம் பச்சைத் தண்ணின்னு ஏமாத்தினவரு மாதிரி பேசாதீங்க."

"இருபத்திரண்டு வருஷம் இல்ல, ரெண்டு மாசம்தான்."

"ஆக, வாயாலயும் ஒத்துக்கிட்டீங்க, சுடுதண்ணிதான்!" என்று கைதட்டினார் மனைவி. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கொடியிலிருந்த சீட்டுகள்கூட ஆடின.

சிரிப்பு அடங்குவதற்குள், அடங்கினால் தைரியமும் அடங்கிவிடும் என்று பயந்து, எண்ணை அழுத்தித் தொலைபேசியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். மறுமுனையில் மணி அடித்தது. மனைவி கொடியின் ஒரு நுனியைப் பிடித்து, எழுத்து தெரியும்படி அவர் கண்ணுக்கு நேரே தாழ்த்தினார். இரண்டாவது மணி. மூன்றாவது. டயர் கடை மாடியில் அந்தத் தொலைபேசி எந்த மேசையில் இருக்கிறது, அதன் எதிரே சுவரில் யாருடைய கடிதம் சட்டம் போட்டுத் தொங்குகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"பயணிகளின் கவனத்திற்கு," என்றார் மனைவி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, நிலையத்துக் குரலில். "மேடம் அவர்கள் சற்றுத் தாமதமாக வந்து சேருவார்."

"ஷ்ஷ்," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. கை மட்டும் கொடிக்கு உயர்ந்தது. ஐந்தாவது இடத்திலிருந்த 'மன்னிக்க வேண்டும்' சீட்டின் கிளிப்பைத் திறந்து, எழுபது புத்தகத்தில் முதல் தடவையாக வரிசையைக் கலைத்து, அதைக் கொண்டுபோய் 'அது புதிர் இல்லை'க்கு முன்னால் மாட்டினார்.

ஆறாவது மணி அடித்தது. ஏழாவதும் அடித்துக்கொண்டிருந்தது.