பதினெட்டாம் பெருக்குக்குப் பச்சைமலையில் ஒரு ராத்தங்கல்

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு நாங்கள் ஸ்ரீரங்கம் படித்துறைக்குப் போகவில்லை. மருமகள் செல்வி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் எனக்குத் தெரியும்.

போன வருஷப் பெருக்கின்போது என் மகன் குமார் இறந்து பத்து மாதம்கூட ஆகவில்லை. வீட்டில் தனியாக விட மனசில்லாமல் செல்வியையும் கூட்டிப் போனேன். பூஜை முடிந்து பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், செல்வி என் முன்னால் கழுத்தைக் குனித்தாள். நான் அவளைத் தாண்டி அடுத்து நின்ற பெண்ணுக்குக் கட்டினேன். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கையில் கட்டுகிறோமே, அவளுக்கும் கையில் கட்டியிருக்கலாம். அந்த நேரத்தில் நாலு பேர் பார்ப்பார்களே என்பதுதான் தோன்றியது.

"நாம மூணு பேரும் வேற ஆத்துக்குப் போவோம் அப்பாயி" என்றாள் பேத்தி மலர். கல்லூரியில் படிக்கிறாள். பிள்ளைகளைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப்போகும் குழுவுக்கு அவள்தான் தலைவி. சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. ஐந்தாவது வரை படித்த நான் நோட்டில் எழுதியதை இங்கே இணையத்தில் ஏற்றியவளும் அவள்தான்.

முதல் தடவை நடக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஆடி பதினேழாம் தேதி காலை 6.10க்கு சத்திரம் பஸ் நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்கு 40 ரூபாய், ஒன்றரை மணி நேரப் பயணம். துறையூரில் 8.30க்கு மலை பஸ். அதை விட்டால் மத்தியானம்தான்.

என் முதுகுப் பையைப் பார்த்த கண்டக்டர், "என்னங்கம்மா, வீட்ல சண்டையா? மூட்டையோட கிளம்பிட்டீங்க" என்றார்.

"சண்டைன்னா நான் ஏன் கிளம்புறேன்? அவரையில்ல கிளப்பி விடுவேன்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. செல்வி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புருஷனை வைத்துப் பேசிய பேச்சு அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று பிறகுதான் உறைத்தது.

மலையில் இறங்கியதும் பெரியசாமி காத்திருந்தார். மரவள்ளி போடுகிற விவசாயி, மலருக்குப் பழக்கமானவர். வழிகாட்டவும் தங்க இடம் கொடுக்கவும் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதால், ஆற்றை ஒட்டிய அவருடைய கொல்லையில் போட்டோம். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அங்கே 5 கிலோமீட்டர், முக்கால்வாசி சமமான பாதை. கடைசியில் ஓரிடத்தில் மட்டும் ஆற்றைக் கடக்க வேண்டும். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் பாறை பாசி பிடித்திருக்கும்.

பை ஆறு கிலோவுக்கு மேல் கூடாது என்று மலர் சொல்லியிருந்தாள். என் பை ஒன்பது கிலோ. பெருக்கென்றால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் இல்லாமல் ஆற்றங்கரைக்குப் போவதா? கை பழக்கத்தில் எட்டுப் பேருக்குக் கிளறிவிட்டேன். அரை கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கியது. செல்வி என் பையைத் திறந்து, தூக்குவாளியை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு முன்னால் நடந்துவிட்டாள்.

"நடக்க வந்தீங்களா, எங்க ஊருக்குப் பந்தி வைக்க வந்தீங்களா?" என்று கேட்ட பெரியசாமி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கே குளிர் இறங்கியது. செல்வி தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். "அவரு இருந்தா இந்நேரம் மீன் இருக்கான்னு கல்லுக் கல்லாத் தாவியிருப்பாரு" என்றாள். என்னிடம் சொன்னாளா, ஆற்றிடம் சொன்னாளா தெரியவில்லை.

விடிந்ததும் ஒரு பாறையில் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்தேன். காதோலை கருகமணியைத் தண்ணீரில் விட்டோம். மலர் கையில் கயிறு கட்டினேன். அவள் பெரியசாமி வீட்டுக்குப் பால் வாங்கப் போனதும் இன்னொரு கயிற்றை எடுத்தேன்.

"செல்வி, கையைக் குடும்மா."

அவள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன வருஷம் பக்கத்துல நின்ன சின்னப் பையன் கையில கூட கட்டுனீங்க அத்தை."

"தப்புத்தாம்மா. அங்க நாலு பேரு இருந்தாங்க, அதான்..."

"இங்க யாரும் இல்லைன்னுதானே கட்ட வர்றீங்க?"

ஊரில் வாயாடி என்று பெயரெடுத்தவள் நான். கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்குத் திரும்ப நடந்தோம். ஆற்றைக் கடக்கும் இடத்தில் செல்வி நின்று, "கையைக் குடுங்க, வழுக்கும்" என்றாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து அக்கரை வரை கொண்டுவந்து சேர்த்தாள். தரையில் கால் வைத்ததும் விட்டுவிட்டாள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்: பிடிப்புள்ள செருப்பு வேண்டும். மழைக்கோட்டு, டார்ச் அவசியம். ஆளுக்கு ஒரு வேளைக் கட்டுச்சோறு போதும், அதற்கு மேல் சுமக்காதீர்கள். மேலே மழை என்றால் ஆற்றில் இறங்கவே வேண்டாம். வரும்போது குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

இதை செல்வியிடம் படித்துக் காட்டினேன். "எல்லாரும் படிப்பாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சரி, போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அடுத்த ஆடிக்குப் படித்துறையில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில் அவளிடம் கையைக் கேட்பேன். அவள் அங்கே வருவாளா என்று தெரியாது. கயிறு பையின் முன்பக்க ஜிப்பில் இருக்கிறது. நனையாமல் இருக்க மலர் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.