டிசம்பரில் சிலுவை கிடையாது

அற்புதத்தின் வாயைத் தைத்துவிடலாமா என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. தைக்கத் தெரியாமலா? ஏற்காடு பஜாரில் தையல் கடை வைத்திருப்பவள் இந்தக் கதீஜா. நாகலூர் நாடகக் குழுவின் ரோமாபுரிச் சிப்பாய் உடுப்பெல்லாம் என் மிஷினில் தைத்ததுதான்.

அந்தக் குழுவை நடத்துகிறவள் அற்புதம். பகலில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பாள். பொழுது சாய்ந்தால் ஒத்திகை. திரைக்குப் பின்னால் நின்று அத்தனை பேருக்கும் வசனம் எடுத்துக் கொடுப்பாள், தான் மட்டும் மேடை ஏறமாட்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தால், ஏசு சிலுவையில் பட்ட பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். மேடைக்கு மரமும் விளக்கும் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வரும். எஸ்டேட் கைமாறியது, புதிதாக வந்தவர் கையை விரித்துவிட்டார். கலைக்குழுக்களுக்கு அரசாங்கம் தரும் உதவி கிடைத்தால் சொந்த மேடை, இல்லாவிட்டால் நாடகமே இல்லை என்றாகிவிட்டது. அற்புதம் அலையாய் அலைந்து மனுப் போட்டாள். சேலத்திலிருந்து அதிகாரி சசிகலா போன் செய்து, நாடகத்தை நேரில் பார்க்க டிசம்பரில் வரலாமா என்று கேட்டார்.

"தாராளமா வாங்க, எப்ப வந்தாலும் போட்டுக் காட்டறமுங்க!" என்றாள் இந்த மகராசி.

குழு கொதித்துவிட்டது. ஏசுவாக நடிக்கும் ஜேசுதாஸ் கறி தொடாமல், தாடி வளர்த்து, விரதமிருந்துதான் அங்கியைத் தொடுவார். அதுவும் தவக்காலத்தில் மட்டும்.

"ஏனுங்க, பொறக்கப் போற சாமியைப் புடிச்சு ஆணியடிக்கச் சொல்றீங்களா? ஊட்டுக்கு ஊடு நட்சத்திரம் கட்டியிருக்குதுங்க!" என்றார்.

அற்புதம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா புள்ள?" என்று நானும் கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றுலாக் குடும்பம் எட்டிப் பார்த்து, "பக்கத்துல ரூம் கெடைக்குங்களா?" என்று கேட்டது. விடுமுறைக் கூட்டத்தில் ரூமாவது ஒன்றாவது!

அற்புதம் சட்டென்று மூக்கைத் துடைத்தாள். "அக்கா, ஏசுவைப் பெக்க எடம் தேடுன மரியம்மாவுக்கும் ரூம் கெடைக்கலீங்களே!"

அவ்வளவுதான், புது நாடகம் பிறந்தது. மரியாளின் புருஷன் சூசையப்பராக நடிக்க விரதம் வேண்டியதில்லை என்று ஜேசுதாஸ் ஒத்துக்கொண்டார். மரியாளான ஜோஸ்லினுக்குத் துணிவெட்டுகளை அடைத்து வயிறு கட்டிவிட்டேன். யூதாஸ் வேஷக்காரரான ஜீப் டிரைவர் ஆண்டனி ராஜ் லாட்ஜ் மேனேஜர் ஆனார்.

சசிகலா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோயில் மைதானத்தில் நாடகம் தொடங்கியது.

"ஆன்லைன்ல புக் பண்ணுனீங்களா? ஏரியைப் பாத்த ரூமா, சாதா ரூமா? ரெண்டும் இல்லீங்க!" என்றார் ஆண்டனி ராஜ். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் கதவைத் திறந்து இடம் கொடுக்க வேண்டியவள் கலாவதி. அவள் கூட்டத்தைப் பார்த்து வாயடைத்து நின்றுவிட்டாள். திரைக்குப் பின்னாலிருந்து அற்புதம் எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள், பேச்சே வரவில்லை. பொறுக்க முடியாமல் பழம் பறிக்கும் உடுப்போடு அற்புதமே மேடைக்கு வந்துவிட்டாள்.

"உள்ள வாங்க கண்ணு. காப்பிக் கோடவுன்தான். சாக்கு விரிச்சுத் தாரேன், நொம்பக் குளுருது."

சிரித்த கூட்டம் கப்பென்று அடங்கியது. முதலில் எழுந்து கை தட்டியது சசிகலாதான்.

"நேத்து இந்த ஊர்ல ஒவ்வொரு லாட்ஜா ஏறி இறங்கினேன். எல்லாரும் இல்லைன்னாங்க. இவங்களுக்கு நானும் இல்லைன்னு சொன்னா அந்த மேனேஜருக்கும் எனக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றார் மைக்கில்.

உதவி வந்தது. தவக்காலத்தில் சொந்த மேடையில் ஜேசுதாஸ் தாடியோடு நின்றார். யூதாஸ் தலையைக் காட்டியதும், "மேனேஜரே, ரூம் இருக்குதுங்களா?" என்று ஒரு குரல் வந்தது, பாதிரியாரே சிரித்துவிட்டார். ஏசுவின் முகம் துடைக்கும் வெரோணிக்காளாக அற்புதம் வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. எனக்குக் கண்ணீர் பொங்கியது. ஆனால் அழ ஏது நேரம்? அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்று அத்தனை பேருக்கும் வசனம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான்.