யானைகள் போட்ட பாதை

போன வாரம் பொம்மனஹள்ளியில் வண்டிகள் நகராமல் நின்றிருந்தபோது, பக்கத்து லாரியிலிருந்து கிளட்ச் தீய்கிற நெடி வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், ரப்பரும் பழங்கயிறும் சேர்ந்து கருகுவது மாதிரி இருக்கும். காரில் எல்லோரும் கண்ணாடியை ஏற்றச் சொன்னார்கள். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது மூங்கில் காடு.

தொண்ணூறுகளின் நடுவில், இதே பொம்மனஹள்ளியில், சோலார் விளக்கு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்திருந்தேன். காட்டுக்குள் காவலர்கள் தங்கும் முகாம்களில் விளக்கு மாட்டும் வேலை வந்தபோது, நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன். அதற்காகப் புது சுடிதார் வேறு தைத்துக்கொண்டேன். காட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஏனோ தோன்றவில்லை.

ஜீப் ஓட்டியவன் தேவராஜ். என்னைவிடச் சற்று இளையவன், ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன். சிவாஜிநகரில் கறிக்கடைக்கும் துணிக்கடைக்கும் நடுவே அவன் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தால், வழியில் வைத்திருக்கும் கோழிக்கூண்டுகூட அசையாது. அந்தப் பெருமை அவனுக்கு நிறையவே உண்டு.

“சிட்டியா இருந்தா என்ன, காடா இருந்தா என்ன மேடம்? ரோடுன்னா ரோடுதான்” என்றான், கனகபுரா தாண்டும்போது.

கொள்ளேகாலுக்கு அப்பால், காட்டு கேட்டைத் திறந்துவிட்ட காவலர் ஜீப்பையும் என் சுடிதாரையும் பார்த்துவிட்டு, “நிதானவாகி ஹோக்ரி, மளே பந்திதே” என்றார் கன்னடத்தில். மழை பெய்திருக்கிறது, பார்த்துப் போங்கள் என்று. கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே தேவராஜின் ரோடு முடிந்துபோனது. இரண்டு சக்கரத் தடங்கள் மட்டும்தான் இருந்தன. நடுவில் இடுப்புயரப் புல் வண்டியின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டே வந்தது. ஒரு தடம் பாறையாக இருந்தால் மற்றது குழம்பாக இருக்கும். சாய்ந்து கிடந்த மூங்கில்களை இறங்கி இறங்கி ஒதுக்கினோம். பின்னால் பேட்டரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. முதல் கியரைவிட்டு மேலே போகவே முடியவில்லை. தேவராஜ் தலையை வெளியே நீட்டித் தடத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

அப்புறம் அந்த ஓடை. கணுக்கால் தண்ணீர்தான்; இறங்குவது சுலபமாக இருந்தது. ஆனால் மறுகரையில் பாதை இல்லை. வெள்ளம் ஏற்றத்தைச் செங்குத்தாக அறுத்து, மார்பளவு மண்சுவராக நிறுத்திவிட்டுப் போயிருந்தது. பின்வாங்கலாம் என்றால் சக்கரம் வண்டலில் புதைந்துகொண்டது. தேவராஜ் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தான். கிளட்ச் தீய ஆரம்பித்தது. எஞ்சினை அணைத்தான்.

அந்த நிசப்தத்தில்தான் ஒரு சின்னப் பீப்பி ஊதுவது போன்ற சத்தம் கேட்டது.

ஓடை வளைவிலிருந்து யானைகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, அத்தனை எடையும் தண்ணீரில் அத்தனை மெதுவாக. எண்ணவெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நடுவில் ஒரு குட்டி, உடம்பெல்லாம் செம்பட்டை முடியோடு. அவை ஏறவேண்டியதும் நாங்கள் ஏற நினைத்த அதே மறுகரைதான்.

முன்னால் வந்த பெரிய பெண் யானை நேராக எங்களிடம் வந்தது. தும்பிக்கை சூடான பானட்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விலகியது. பிறகு கதவில்லாத ஜீப்பின் பக்கவாட்டில் நுழைந்து, என் மடியில் இருந்த, பேட்டரி சோதிக்கும் மீட்டரை, கையை, தோளை மோந்தது. ஈரமான, வைக்கோல் வாசமுள்ள மூச்சு. நான் மீட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், அதுதான் என்னைக் காப்பாற்றும் என்பதுபோல.

“அக்கா, அசையாத. சும்னிரு” என்று தேவராஜ் கன்னடமும் கலந்து உதட்டுக்குள் சொன்னான். அதுவரை நான் அவனுக்கு மேடம்.

அது போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. எங்களுக்கும் குட்டிக்கும் நடுவே சுவர்போல நின்றுகொண்டது. மற்ற யானைகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. குட்டியால் முடியவில்லை. முன்காலைத் தூக்கி வைக்கும், மண் சரியும், உருண்டு தண்ணீரில் விழுந்து கத்தும். அது கத்தும்போதெல்லாம் பெரியதன் காது எங்கள் பக்கம் விரிந்தது.

மேலே ஏறிய ஒன்று திரும்பி வந்தது. கரை விளிம்பில் நின்று முன்காலால் மண்ணை உதைத்தது. ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. இன்னொன்று பக்கத்தில் வந்து முழங்காலை மடக்கி, நெற்றியால் அழுத்தியது. இரண்டும் அவசரமே படவில்லை. இடித்த மண்ணை மிதித்தன, இறங்கின, ஏறின, மறுபடி இடித்தன. நான் பயப்படுவதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒன்று, தாயாகத்தான் இருக்கவேண்டும், கீழிறங்கிப் பின்னாலிருந்து தலையால் முட்ட, மேலே நின்ற இன்னொன்று தும்பிக்கையை நீட்ட, குட்டி தள்ளாடி மேலே போய்ச் சேர்ந்தது. எங்களை மறைத்து நின்ற பெரியது கடைசியாக ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

மூங்கில் முறியும் ஒலி தூரத்தில் அடங்கியது. பிறகு தேவராஜ் ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகில் கையை வைத்தேன்.

தலையை நிமிர்த்திக் கரையைப் பார்த்தவன் கையை நீட்டிக் காட்டினான்.

“அக்கா, ரோடு போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்குதுங்க.”

உண்மைதான். செங்குத்துச் சுவர் இருந்த இடத்தில், ஜீப் அகலத்துக்கு ஒரு சரிவு, கெட்டியாக மிதிபட்டு. சக்கரத்தடியில் கல்லையும் மூங்கிலையும் திணித்து, நான் புது சுடிதாரோடு சேற்றில் நின்று தள்ள, வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. சாயங்காலம் முகாமில் விளக்கு எரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் தேவராஜை யாரும் நம்பவில்லை, நான் தங்கியிருந்த ஹாஸ்டலில் என்னையும்தான். ஒருவருக்கொருவர் சாட்சியாகக் கொஞ்ச காலம் இருந்தோம். அவன் துபாய் போன பிறகு அதுவும் இல்லை.

போன வருஷம் குடும்பத்தோடு அந்தப் பக்கம் போனேன். இப்போது தார் ரோடு, ஓடைமேல் பாலம். மழையில் கரை அறுபடாமலிருக்க, ஆளுயரத்துக்குமேல் சிமெண்ட் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்தக் கூடாது என்று பலகை இருந்தது. மெதுவாகப் போகச் சொல்லி எட்டிப் பார்த்தேன். கீழே மணலில் வட்ட வட்டமாகக் காலடிகள். சுவர்வரை வந்து, அதை ஒட்டியே கொஞ்ச தூரம் நடந்து, வந்த வழியே திரும்பியிருந்தன. பெரிய காலடிகளுக்கு நடுவே சின்னதும் இருந்தது.